அவர் முந்திச் சிரிக்கிறார்

சிரிக்கிறார்கள். திரையில் ஒருவன் கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சீவுகிறான், சீப்பில் வந்த முடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய பேப்பரில் வரிசையாகக் கிடத்துகிறான், ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்துக் கூப்பிட்டு அழுகிறான், தியேட்டரே குலுங்குகிறது. நானும் சிரிக்க வேண்டும். வாயை எவ்வளவு திறந்தால் இருட்டில் சிரிப்பு மாதிரி இருக்குமோ அவ்வளவு திறந்து வைத்திருக்கிறேன். எனக்கு இடது பக்கம் வைத்தியநாதன், ஆவணியில் என் கழுத்தில் தாலி கட்டப் போகிறவர். வலது பக்கம் அவருடைய தங்கை அபிராமி, பாப்கார்ன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறாள். படத்தைத் தேர்ந்தெடுத்தது அவர்தான். "நம்ம கதையாம் மங்கை, சின்ன வயசுலயே முடி கொட்டிப் போனவன் கதை. மயிலாடுதுறையில ஓடுது. ஞாயித்துக்கிழமை மேட்னிக்குப் போவோம், அபியையும் கூட்டிட்டு வர்றேன்" என்று அவர் போனில் சொன்னபோது நான் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்த குழாய்களுக்குப் பேர் ஒட்டிக்கொண்டிருந்தேன். நம்ம கதை என்று கேட்டதும் ஒரே குழாயில் ஒரே பேரை இரண்டு தடவை ஒட்டிவிட்டேன். அவர் சொன்னது அவருடைய கதையை. முப்பது தாண்டியதும் தாண்டாததுமாக அவருக்குக் காதோரத்தில் மட்டும்தான் முடி, நெற்றி அப்படியே பின்கழுத்துவரை போகிறது. என் கதை அவருக்குத் தெரியாது. இடுப்புவரை தொங்குகிற இந்தப் பின்னல் என்னுடையது இல்லை என்பது இந்தத் தியேட்டரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஏசி என்று வாசலில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள், உள்ளே ஓரத்து மின்விசிறிகள் மட்டும் ஓடுகின்றன. ஆனி மாதத்து வெயில் கூரைவழியாக இறங்குகிறது. விக்குக்குள் இருக்கிற வலை நனைந்துவிட்டது, அது எனக்குத் தெரியும், முதலில் உச்சியில் ஒரு சூடு, பிறகு காதுக்குப் பின்னால் எறும்பு ஊர்கிற மாதிரி வியர்வை, பிறகு நெற்றியில் டேப் ஒட்டியிருக்கிற இடத்தில் அரிப்பு. சொறியக் கூடாது. சொறிந்தால் ஓரம் தூக்கும். விரல் நுனியால் பொட்டைச் சரிசெய்கிற மாதிரி லேசாக அழுத்திக்கொள்ளலாம், அதைத்தான் இத்தனை வருஷமாகச் செய்கிறேன், என் நெற்றிப் பொட்டைப் போல ஒழுங்கான பொட்டு ஆஸ்பத்திரியில் வேறு யாருக்கும் இல்லை என்று சக ஊழியர்கள் கேலி செய்வார்கள். இது யாருடைய முடியோ. சென்னையில் வாங்கும்போது அசல் மனித முடி என்று சொன்னான் கடைக்காரன். எந்தக் கோயிலிலோ எதற்கோ வேண்டிக்கொண்டு எவளோ கொடுத்த முடி. பிள்ளை பிழைக்க வேண்டும் என்று கொடுத்தாளோ, புருஷன் குடியை விட வேண்டும் என்று கொடுத்தாளோ. அவள் வேண்டிக்கொண்டது நடந்திருக்குமா. முடி கொடுத்த அவளுக்கு மறுபடி வளர்ந்திருக்கும், அது மட்டும் நிச்சயம். சொல்லலாம். இப்போதே சொல்லலாம், பக்கத்தில்தான் இருக்கிறார், காது ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் காலையில் குளிக்கும்போது நினைத்தேன். போன வாரமும் நினைத்தேன். பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன், பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது, மஞ்சள் தடவி எங்கள் சாமியறையில் கட்டுக்கட்டாக இருக்கிறது.

அவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயைத் திறந்தேன், அது சத்தியம். தனியாகப் பேசட்டும் என்று எல்லோரும் கூடத்தில் இருந்துகொண்டு எங்களை உள்ளறைக்கு அனுப்பினார்கள். அவர் உட்காராமல் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "ஃபோட்டோவுல தொப்பி போட்டிருந்தேன், பாத்திருப்பீங்க. வேணும்னுதான் போட்டேன். இப்ப நேர்ல பாத்துக்கிட்டீங்கல்ல. பிடிக்கலன்னா தாராளமா சொல்லலாம், எனக்குப் பழக்கம்தான், நெறைய எடத்துல இதுக்காகவே வேண்டாம்னுட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "என் ஸ்கூல்ல பசங்க எனக்கு வச்ச பேரு பௌர்ணமி. கணக்கு வாத்தியார்னா எவனுக்கும் தெரியாது, பௌர்ணமி சார்னா சீர்காழியில ஆட்டோக்காரன்கூட வழி சொல்லுவான்." எனக்கு அந்த நிமிஷம் அவரைப் பிடித்துப்போயிற்று. இவரிடம் சொல்லலாம், இவருக்கும் தெரிந்த சங்கதிதானே, ஒரு வேளை எனக்கென்றே வந்தவரோ என்றுகூட நினைத்தேன். எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். அம்மா காபியோடு வந்துவிட்டாள். கதவுக்கு வெளியே நின்றிருந்திருக்கிறாள். டம்ளரை அவர் கையில் கொடுக்கும்போது என்னைப் பார்த்த பார்வையில் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர்கள் கார் தெரு திரும்பியதும் அம்மா சொன்னாள், "அவருக்கு வெளியில தெரியுது, அதனால சொல்றாரு. உனக்கு என்னடி. ஆம்பளைக்கு விழுந்தா வழுக்கைன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க, பொம்பளைக்கு விழுந்தா வியாதிம்பாங்க. தாலி ஏறட்டும், அப்புறம் பக்குவமா நான் பேசிக்கிறேன்." தாலி ஏறிய பிறகு பக்குவமாகப் பேச என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நோயாளி கையில் ஊசி ஏற்றுமுன், லேசா வலிக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் ஏற்றுவேன். சொல்லாமல் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், வேலை சீக்கிரம் முடியும். நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

மறுபடி சிரிப்பு. திரையில் அவன் அம்மா அவன் தலையில் வெங்காயத்தைத் தேய்க்கிறாள், வீட்டில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வருகிறது, யாரோ செத்துப்போய்விட்டதாக நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் மாலையோடு வருகிறார். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். சின்ன வெங்காயம், அதைத் தோலோடு நசுக்கித் தேய்த்தால் முதல் நாள் எரியும், மூன்றாம் நாள் தோல் உரியும், தலையணை உறையை எத்தனை தடவை துவைத்தாலும் நாற்றம் போகாது. நர்சிங் ஹாஸ்டலில் என்னோடு இருந்த பெண்தான் முதலில் பார்த்தாள். பரீட்சைக்குப் போகிற காலையில் எனக்குப் பின்னிவிட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, இங்க என்னடி இது, வழவழன்னு இருக்கு என்றாள். நான் பின்னால் கையைக் கொண்டுபோய்த் தொட்டேன். ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு. என் தலையில் என் விரலுக்கு அறிமுகம் இல்லாத ஒரு இடம். இன்றைக்கும் அந்த வழவழப்பை நினைத்தால் விரல் நுனி கூசுகிறது. புழுவெட்டு என்றார்கள். புழு எங்கே இருக்கிறது, ராத்திரி வந்து வெட்டிவிட்டுப் போகிறதா என்று பைத்தியம் மாதிரி யோசித்தேன், தலையணையைத் திருப்பித் திருப்பித் தட்டினேன், படித்தது இதே துறையில், ஆனாலும் தட்டினேன். ஒரு காசு மூன்று காசாயிற்று. டாக்டர் தலையிலேயே ஊசி போட்டார், வளர்ந்தது, முதலில் வெள்ளையாகப் பூனைமுடி மாதிரி வந்து பிறகு கறுத்தது, அம்மா வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்ட உப்பையும் மிளகையும் போட்டுவிட்டு வந்தாள். பிறகு ஒரு மழைக்காலத்தில் மொத்தமும் கொட்டிப்போயிற்று. தெருவில் கேட்டவர்களிடம் அம்மா வேண்டுதல் என்றாள். நல்ல பொய்தான், ஆனால் வேண்டுதலுக்கு மொட்டை போட்டவளுக்கு அடுத்த பொங்கலுக்குள் வளர்ந்துவிட வேண்டுமே. வளரவில்லை. அந்தப் பொய்க்கு ஆயுசு முடிந்தபோது விக் வாங்கினோம். முதன்முதலில் அதை வைத்துக்கொண்டு நான் கண்ணாடியில் பார்த்தபோது அம்மா அழுதாள், என் தங்கமே திரும்பி வந்துட்டியா என்றாள். அப்படியானால் அதுவரை அவள் பக்கத்தில் இருந்தது யார். அதையும் நான் கேட்கவில்லை. வீட்டில் நான் விக்கைக் கழற்றுகிற நேரத்துக்கு அம்மாவுக்கு எப்போதும் அடுப்பில் ஏதாவது வேலை இருக்கும்.

ஒன்றைக் கவனிக்கிறேன். கொஞ்ச நேரமாகவே கவனித்துக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் அது என்னவென்று புரிகிறது. வைத்தியநாதன் எல்லோருக்கும் முன்னால் சிரிக்கிறார். திரையில் அந்த ஆள் தலையில் காக்கா உட்காரப் போகிறது, இன்னும் உட்காரவில்லை, அதற்குள் இவர் சிரிப்பு வந்துவிடுகிறது, பெரிய சிரிப்பு, பின்னால் இருக்கிறவர்களுக்கும் கேட்கும்படி. அதன் பிறகுதான் தியேட்டர் சிரிக்கிறது. முன்வரிசையில் இருக்கிற பையன்கள் ஒன்றிரண்டு பேர் அந்தச் சிரிப்பு வந்த திசையைத் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்த்ததும் அவர்களுக்கு இன்னும் சிரிப்பு, திரை வெளிச்சத்தில் அவர் தலை பளபளக்கிறது. அவர் அதற்கும் சேர்த்துச் சிரிக்கிறார். அடுத்த காட்சியில் நான் திரையைப் பார்க்காமல் அவரைப் பார்க்கிறேன். முகத்தில் சிரிப்பே இல்லை. கண் திரையில் ஊன்றி நிற்கிறது, ரோடு தாண்டுகிறவன் வண்டியைப் பார்க்கிற மாதிரி, எங்கேயிருந்து எது வருகிறது என்று பார்க்கிறது. கை நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அப்புறம் சட்டென்று அந்தச் சிரிப்பு. பௌர்ணமி சார் என்று சொல்லிவிட்டு அவரே சிரித்த சிரிப்பும் இதேதான். நான் அன்று அதைத் தைரியம் என்று நினைத்தேன். யாராவது எறிவதற்கு முன்னால் தானே எடுத்துத் தன் மேல் போட்டுக்கொள்கிறவரின் அவசரம் அது. அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளலாமா. பக்கத்தில் அபிராமி இருக்கிறாள். இவரிடம் சொல்லலாம், இப்போது முன்பைவிட நன்றாகச் சொல்லலாம், இவரும் என்னைப்போல் எதையோ தலையில் வைத்து மறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கும்போதே அந்தக் காட்சி வந்துவிட்டது.

தரகர் அவனைப் பெண் பார்க்கக் கூட்டிப்போகிறார். பெண் வருகிறாள், தலை நிறையப் பூ, கையில் தட்டு. எனக்கு எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிட்டது. அவள் குனிந்து தட்டை வைக்கும்போது முடி மொத்தமாகக் கழன்று கேசரியில் விழுகிறது. மேளம் அடிக்கிறார்கள். அவளுடைய மொட்டைத் தலையைப் பக்கத்தில், மிகப் பக்கத்தில் காட்டுகிறார்கள், அவன் வீல் என்று கத்திக்கொண்டு சுவர் ஏறிக் குதித்து ஓடுகிறான், ஓடிப்போய் நண்பனிடம் மூச்சு வாங்கச் சொல்கிறான், "எனக்கும் இல்ல, அவளுக்கும் இல்லன்னா அப்புறம் வீட்டுல சீப்பு எதுக்குடா?" இதுவரைக்கும் வந்ததிலேயே பெரிய சிரிப்பு இதற்குத்தான். அபிராமி என் தோளில் சாய்ந்து சிரிக்கிறாள். பெண்கள் சிரிக்கிறார்கள், எங்கோ ஒரு குழந்தை சிரிக்கிறது. வைத்தியநாதனும் சிரிக்கிறார். இந்தத் தடவை முந்தவில்லை. எல்லோரோடும் சேர்ந்து, அவர்கள் சிரிக்கும்போதே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை விட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். கடைசியில் தன்மேல் விழாத ஒரு கேலி வந்திருக்கிறது அவருக்கு. நான் வாயைத் திறந்து வைத்திருக்கிறேனா மூடியிருக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்குப் படத்தில் பேர் இல்லை. இனி அவள் வரவும் மாட்டாள். அவன் சுவர் ஏறிக் குதித்துப் போன பிறகு அவள் என்ன செய்திருப்பாள், குனிந்து அதைக் கேசரியிலிருந்து எடுத்திருப்பாள். நெய் பட்டால் லேசில் போகாது. வெந்நீரில் அலச முடியாது, சூடு பட்டால் முடி சுருண்டுவிடும், பச்சைத் தண்ணீரில் ஷாம்பூ போட்டு நாலைந்து தடவை அலசி, துணியில் ஒற்றி, வெயில் படாமல் நிழலில் கவிழ்த்து வைக்க வேண்டும், அது காய்கிறவரைக்கும் அவள் வாசல் பக்கம் வர முடியாது. யாராவது வந்து கதவைத் தட்டினால் அவள் அம்மா என்ன சொல்லுவாள்.

இடைவேளை விட்டதும் விளக்கு போட்டார்கள். வெளிச்சத்தில் எனக்கு முதலில் கை நெற்றிக்குத்தான் போனது. அவர் டீ வாங்கப் போனார். அபிராமி என் பின்னலை முன்பக்கம் எடுத்துப் போட்டு, நுனியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு, "அண்ணி, எங்க வீட்டுல அண்ணன் வழுக்கை, அப்பா வழுக்கை, தாத்தா வழுக்கை. பொறக்கப்போற பிள்ளைங்களுக்கு உங்க முடி வந்துட்டாப் போதும்னு அம்மா தெனம் சொல்றாங்க. என்ன எண்ணெய் வைக்கிறீங்க?" என்றாள். நல்ல பெண். கள்ளமே இல்லை. தேங்காய் எண்ணெய்தான் என்றேன். என் குரல் என் குரல் மாதிரியே இருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு லேசாக வருகிறதே. இன்றைக்குத் தேங்காய் எண்ணெய், நாளைக்கு வேறொன்று, பிறகு குளிக்கும்போது கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, தூங்கும்போதும் வைத்துக்கொண்டு, பிரசவத்துக்குப் போகும்போதும் வைத்துக்கொண்டு, எந்த நாளில் எந்த வாசலில் எது கழன்று விழும் என்று பார்த்துக்கொண்டே ஒரு ஆயுசு முழுவதும். ரோடு தாண்டுகிறவன் வண்டியைப் பார்க்கிற மாதிரி. அவர் டீயோடு வந்தார். "என்ன மங்கை, படம் பிடிக்கலையா, ஒரு மாதிரி இருக்க" என்றார். தலை வலிக்கிறது என்றேன். தலை என்கிற சொல்லைச் சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் டீயைப் பார்த்தேன்.

பாதிப் படத்துக்கு மேல் நான் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. அவன் விக் வாங்குகிறான், காதலிக்கிறான், விக் காற்றில் பறக்கிறது, எதெதற்கோ சிரிக்கிறார்கள், அவர் முந்திச் சிரிக்கிறார், கைப்பிடியை மறுபடி பிடித்துக்கொண்டுவிட்டார். சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம் ஓடுகிறது: கல்யாணம் நிற்கும், அம்மா படுக்கையில் விழுவாள், பத்திரிகை வைத்த வீடுகளுக்கெல்லாம் காரணம் சொல்ல வேண்டும், எங்கள் ஊர் குத்தாலத்தில் தெரிந்துவிடும், லேபில் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொரு பக்கம் ஓடினால் அது எங்கும் போய் முடியவில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் என்னோடு சேர்ந்து சிரித்தால் பரவாயில்லை, அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் அவள் யார் என்று அவருக்கு என்ன தெரியும். அவள் யார் என்று தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியுமா. அதுவும் தெரியாது. தெரியாத ஒருவரோடு தெரியாதவளாகவே போய் இருக்கப் போகிறேன். திரையில் இப்போது ஏதோ மேடை, ஏதோ கல்லூரி விழா, அவன் மைக் முன்னால் நிற்கிறான், மெதுவாகக் கையைத் தூக்கி விக்கைக் கழற்றுகிறான். வயலின். "இதுதான் நான். குறை இல்லாத மனுஷன் உலகத்துல யாரும் இல்ல. என் குறையோட என்னை நான் ஏத்துக்கிட்டேன்" என்கிறான். அவள், அவன் காதலி, தோள்வரை அலையாகப் புரளும் முடியோடு, கூட்டத்தில் முதலில் எழுந்து கைதட்டுகிறாள். தியேட்டரும் தட்டுகிறது, விசில் அடிக்கிறார்கள், அபிராமி மூக்கை உறிஞ்சுகிறாள், கேசரிப் பெண்ணைப் பார்த்துச் சிரித்த அதே கைகள்தான் தட்டுகின்றன. எனக்குள் பயம் இருந்த இடத்தில் ஒரு கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத, சின்ன, தெளிவான கோபம். நான் அவர் காதுப் பக்கம் சாய்ந்தேன்.

"இது விக்குங்க."

"என்ன?" என்றார், கைதட்டிக்கொண்டே, சிரித்த முகமாக. சத்தத்தில் கேட்கவில்லை.

"என் முடி. விக்."

இரண்டாவது தடவை சொல்லும்போது கைதட்டல் ஓய்ந்துவிட்டது. என் குரல் தனியாக நின்றது. முன்வரிசையில் ஒருவர் பாதி திரும்பி, திரும்பாமல், மறுபடி திரையைப் பார்த்துக்கொண்டார். வைத்தியநாதன் கைகள் தட்டுகிற வாக்கில் விரிந்தபடியே மடியில் இறங்கின. திரையில் பாட்டு வந்தது, பேர்கள் ஓடின, விளக்கு எரிந்தது, ஆட்கள் எழுந்து எங்கள் முழங்காலை இடித்துக்கொண்டு போனார்கள். அபிராமி செருப்பைத் தேடிக்கொண்டு, "நல்ல படம்ல அண்ணி, கடைசியில அழ வச்சுட்டான்" என்றாள். அவளுக்குக் கேட்டிருக்கவில்லை. எனக்கு வியர்வை காய்ந்து உடம்பு சில்லென்று இருந்தது. சொல்லிவிட்டேன், சொல்லிவிட்டேன் என்று ஒரே வார்த்தை உள்ளே ஓடியது. அது சந்தோஷமா, கலக்கமா என்று பிரித்துப் பார்க்க எனக்கு நேரம் இல்லை.

வெளி வராந்தாவில் அபிராமி பாத்ரூமுக்குப் போனாள். நாங்கள் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றோம். அவர் என் முகத்தைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பலேர்ந்து?"

"படிக்கும்போதுலேர்ந்து. புழுவெட்டு. விட்டு விட்டு வளர்ந்துது, அப்புறம் வரவே இல்ல. உடம்புக்கு ஒண்ணும் கிடையாது. பிள்ளைங்களுக்கு வரலாம், வராமலும் போகலாம்னு டாக்டர் சொன்னாங்க."

"முதல் நாளே நான் என் விஷயத்தச் சொன்னேன்."

"சொன்னீங்க."

"அப்பவே நீயும் சொல்லிருக்கலாம்."

"சொல்லிருக்கலாம்" என்றேன். அம்மா வந்துவிட்டாள் என்று சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார், கை அப்படியே பின்கழுத்துவரைக்கும் போய் வந்தது. "பொய் சொல்லக் கூடாது. நீ அன்னைக்குத் திரும்பி உள்ள போனப்ப பின்னலப் பாத்துட்டு, நமக்கா இப்படி ஒரு பொண்ணுன்னுதான் நெனச்சேன். அம்மாவும் அதைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காங்க." அவர் சொன்னது என்னை அடித்தது, ஆனாலும் இவ்வளவு நாளில் அவர் சிரிக்காமல் சொன்ன முதல் வார்த்தைகள் அவை என்றும் தோன்றியது. "எனக்கு ஒரு தடவை பாக்கணும் மங்கை. வீட்டுக்கு வர்றேன். அது இல்லாம ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்."

"பாத்துட்டு என்ன சொல்லுவீங்க? ஒரு தடவை பொண்ணு பாத்தாச்சு. மறுபடி தட்டத் தூக்கிட்டு வந்து என்னால நிக்க முடியாது. ஒரே வீட்டுல இருந்தா தானா பாப்பீங்க, தெனமும் பாப்பீங்க. பாத்துட்டுத்தான் முடிவுன்னா வரவேண்டாங்க."

இதைச் சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. எத்தனை தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன், அதில் எதிலும் இது இல்லை, எல்லாவற்றிலும் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் இப்போது என்னைப் பார்த்தார். நேராக, கண்ணை. அடுத்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் வராந்தாவில் கூட ஆரம்பித்துவிட்டார்கள்.

"அந்தப் பொண்ணு சீனுக்கு நான் சிரிச்சேன்" என்றார்.

"சிரிச்சீங்க."

"நல்லாச் சிரிச்சேன்."

"ஆமா. மத்த எல்லாத்துக்கும் முந்திக்கிட்டுச் சிரிச்சீங்க. அதுக்கு மட்டும் எல்லாரோடயும் சேந்து சிரிச்சீங்க."

அவர் முகம் அப்படி மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வகுப்பில் பையன்கள் முன்னால் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல ஒரு திகைப்பு. வாய் சிரிப்புக்குத் தயாராகி, சிரிக்காமல், அப்படியே நின்றது. "அது வெளியில தெரியுதா?" என்று கேட்டார், மிகவும் தணிந்த குரலில். பக்கத்துல உக்காந்தா தெரியுது என்றேன். அவர் தலையாட்டினார். சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அபிராமி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அபி, நீ சீர்காழி பஸ்ஸப் பிடிச்சுப் போயிரு. நான் இவங்கள வீட்டுல விட்டுட்டு வர்றேன்" என்றார். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதோ காதல் சண்டை என்று நினைத்திருக்க வேண்டும், புன்னகையோடு சரி என்றாள்.

பஸ் ஸ்டாண்டுவரை ஆட்டோ வைக்காமல் நடந்தோம். வெயில் சாய்ந்திருந்தது, பழக்கடைக்காரர்கள் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் எனக்கு முன்னால் போகாமல், பின்னாலும் விழாமல், பக்கத்திலேயே வந்தார். என்ன நினைக்கிறார் என்று நான் துழாவிக்கொண்டே வந்தேன், வேண்டாம் என்பதை வீட்டு வாசலில் வைத்து மரியாதையாகச் சொல்லத்தான் வருகிறாரோ, அம்மாவைக் கேட்கத்தான் வருகிறாரோ. கேட்டால் கேட்கட்டும். அம்மா அழுவாள். அழட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். வேண்டாம் என்று போய்விட்டால் அதற்குப் பிறகு வருகிற திங்கட்கிழமையை நினைத்துப் பார்த்தேன், லேபுக்குப் போவேன், கையை மடக்குங்க என்பேன், லேசா வலிக்கும் என்பேன், அவ்வளவுதான், அந்தத் திங்கட்கிழமை தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. அதுவரை தாங்க முடியாதது என்றே நினைத்திருந்தேன். கும்பகோணம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. கூட்டத்தில் காலியாக இருந்தது ஒரே ஒரு இரட்டை சீட், உள்ளே போனால் ஜன்னலோரம் எனக்குத்தான். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு குத்தாலம் என்று டிக்கெட் வாங்கினார். பஸ் ஊரைத் தாண்டியது.

"அம்மாகிட்ட இன்னைக்கே சொல்லிடுறேன்" என்றார். "ஆவணின்னா ஆவணிதான், அதுல மாத்தம் இல்லன்னும் சொல்லப்போறேன். அவங்க என்ன பண்ணுவாங்கன்னு தெரியல. அழுவாங்க, சத்தம் போடுவாங்க. கொஞ்ச நாளைக்கு உன்கிட்டயும் ஏதாவது பேசுவாங்க."

"நீங்க யோசிக்கணும்னா யோசிச்சுக்கலாம். நான் தப்பா நெனக்க மாட்டேன்."

"நடந்து வரும்போது அதைத்தான் பண்ணினேன்" என்றார். பிறகு, "கோவம் இருக்கு மங்கை. இல்லன்னு சொல்லல. சொல்லாம விட்டதுக்குத்தான். அது போக நாளாகும்" என்றார். போகட்டும் என்றேன். எனக்குக் கண் நிறைந்தது, துடைக்கவில்லை. வயல் வந்துவிட்டது, குறுவை நாற்று பச்சையாக நின்றது, பஸ் வேகம் எடுத்தது. காற்று முகத்தில் வந்து அடித்ததும் நெற்றியில் டேப் விட்டுப்போயிருந்த ஓரம் தூக்கியது. கை தானாகப் பொட்டுக்குப் போயிற்று. பொட்டைச் சரிசெய்கிற அந்தப் பழைய விரல். பிறகு அந்த விரலை எடுத்துவிட்டு, உள்ளங்கையையே தலைமேல் வைத்து விக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டேன், பார்க்கிறவர்களுக்கு எதைப் பிடித்திருக்கிறேன் என்று தெரிகிற மாதிரி. அவர் என் கையைப் பார்த்தார். புரிந்தது. என்னைத் தாண்டிக் கையை நீட்டி ஜன்னல் ஷட்டரைத் தொட்டார்.

"இறக்கி விடட்டுமா?"

"வேண்டாங்க" என்றேன். "நான் பிடிச்சுக்கிறேன். காத்து வரட்டும்."